அல்லிக்கு வைக்காத பேர்

நார்த்தாமலை
8.12.2024

வாணிக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டுத் தொடங்கலாம்னு பார்த்தேன். கேக்குற மூஞ்சி எனக்கு இல்ல. ஒன் நம்பருக்கு அடிச்சா மணியே அடிக்க மாட்டேங்குது. ஒங்க அண்ணன் குணசேகரன் நம்பருக்கு அடிச்சா, "வச்சிருய்யா போனை"ங்கிறாரு. அதான் கடுதாசி. பன்னெண்டு வருசக் கல்யாணத்துல ஒனக்கு நான் எழுதுற மொதக் கடுதாசி. மின்கம்பத்துல ஏறுற கை, எழுத்து கோணிக்கிட்டுத்தான் போகும். டீச்சரம்மா செவப்பு மையில திருத்தி அனுப்பிடாத.

தபால்ல அல்லிக் கிழங்கு அனுப்புவாங்களே ரோசம்மா, அவங்க கேட்லாக் வந்துருச்சு. திருச்சூர் முத்திரை, அதே பச்சை அட்டை. போன வருசம் நாம ஒரு கிழங்கும் வாங்கல, நம்ம பேரை எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். எடுக்கல. கவர் மேல "செல்வி அமுதினி, நார்த்தாமலை, புதுக்கோட்டை மாவட்டம்"னு போட்டிருக்கு. நம்ம பிள்ளையே ரோசம்மாவுக்கு எழுதிப் போட்டாளே, "இனிமே கேட்லாக்கை எம் பேருக்கு அனுப்புங்க"ன்னு. அந்தம்மா மறக்கல. போஸ்ட்மேன் கவரைக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பார்க்க முடியாம சைக்கிளப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

இந்த வருசம் இருபத்தாறு புது ரகம். ஒண்ணு இலையெல்லாம் செவப்புப் புள்ளி. ஒண்ணுக்குச் சின்னத் தொட்டியே போதுமாம். பழைய கேட்லாக்கும் அலமாரியிலதான் இருக்கு. அவ எல்லாப் படத்துக்கும் டிக் போட்டு, நான் "ஒண்ணுதான்"னு சொன்னதும் ஒவ்வொண்ணா அடிச்சுட்டு, பக்கத்துல "அடுத்த வருசம்"னு எழுதி வச்சது. ஏழு எடத்துல எழுதியிருக்கா. எண்ணிப் பார்த்தேன்.

எனக்குத் தனியா பார்க்கத் தெம்பு இல்ல வாணி. ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போயேன்.

பிரகாஷ்


ஆவுடையார்கோவில்
14.12.2024

கேட்லாக் வந்துச்சாம். வந்தா எனக்கு என்ன?

பிள்ளை போய் ஒரு வருஷம் முடியல. அதுக்குள்ள பூவுக்கு எத்தனை இதழ், எந்தத் தொட்டியில வளரும்னு எழுத உங்களுக்குக் கை வருதே, உங்களை என்ன சொல்ல? நீங்க மனுஷனா?

டெங்குன்னு டாக்டர் சொன்னப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு என்ன சொன்னேனோ அதையேதான் இப்பவும் சொல்றேன். உங்க தொட்டித் தண்ணிதான் அவளைக் கொன்னுச்சு. வீட்டைச் சுத்திப் பன்னெண்டு தொட்டி. அவ படுக்கிற ஜன்னலுக்குக் கீழேயே ஒண்ணு. அது வீடா, கொசுப் பண்ணையா? பார்சல் வந்த அன்னிக்கு அப்பனும் மகளும் சோறு தண்ணி இல்லாம சேத்துல உக்காந்திருப்பீங்க. நான் கூப்பிட்டாக் காது கேக்காது. நல்லா அனுபவிச்சாச்சு.

கீரனூர் ஸ்கூல்லேருந்து மாத்தல் வாங்கிட்டுத்தான் இங்க வந்திருக்கேன். திரும்பி வர்றதுக்காக யாரும் மாத்தல் வாங்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறதுக்கு அது ஒண்ணும் கோயில் திருவிழா இல்ல.

கவர்ல அவ பேர் இருந்துச்சுன்னு எழுதினீங்களே, அதை மட்டும் எழுதாம இருந்திருக்கலாம். கிளாஸ்ல போர்டு பக்கம் திரும்பி நின்னு அழுதேன். பிள்ளைங்க கணக்கு போடுறேன்னு நெனச்சுக்கிட்டு நோட்டுல எழுத ரெடியா உக்காந்திருக்குதுங்க.

இசைவாணி


நார்த்தாமலை
22.12.2024

வாணிக்கு,

நீ திட்டுனதையெல்லாம் படிச்சேன். தொட்டி என்னோடதுதான். அன்னிக்கும் மறுக்கல, இன்னிக்கும் மறுக்கல. எந்தக் கொசு எங்க கடிச்சுச்சுன்னு யாருக்குமே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதைச் சொல்லி நான் தப்பிச்சுக்கப் போறதில்ல. பதினோரு தொட்டியைக் கவுத்துட்டேன். ஜன்னலோரத்து ஒண்ணு மட்டும் இருக்கு. அதைக் கவுக்க கை வரல. அவ கடைசியாத் தேர்ந்தெடுத்த செடி அதுலதான் இருக்கு.

ரோசம்மாவுக்குப் போன் பண்ணினேன். கவர்ல பேரை மாத்தச் சொல்லணும்ல. சொல்லிட்டேன். அந்தம்மா அழுதாங்க, மலையாளத்துல என்னமோ சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் அழல, வேலைக்குப் போற வழியில ரோட்டோரம் நின்னு பேசுறேன்.

மறுநாள் அவங்களே கூப்பிட்டாங்க. அமுதினி முன்ன அவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதினாளே, ஞாபகம் இருக்கா? "லிட்டில் ரோஸ்லின்"னு ஒரு அல்லிக்கு அவங்க மக பேரை வச்சிருந்தாங்க. "உங்க பொண்ணு பேர்ல பூ இருக்கே, எம் பேர்ல எப்ப வரும்?"னு கேட்டு எழுதினது. அதைப் பத்திரமா வச்சிருக்காங்களாம். இப்ப அவங்களே ஒட்டுச் சேர்த்து வளர்த்த புதுச் செடி மூணு இருக்கு, இன்னும் பேர் வைக்கல. அடுத்த வருசக் கேட்லாக்குக்குப் பேர்ப் பட்டியலை ஜனவரி இருபதுக்குள்ள முடிக்கிறாங்க. மூணுல ஒண்ணை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொன்னா, அதுக்கு "அமுதினி"ன்னு பேர் வைக்கிறாங்களாம்.

படங்களைக் கீரனூர் ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்டு இதோட வச்சிருக்கேன். ஒண்ணாம் படம் வெள்ளை, ஓரத்துல மட்டும் ஊதா. ரெண்டு நல்ல நீலம், அடுக்கு இதழ். மூணு வெளுத்த கத்திரிப்பூ நிறம், பூ சின்னது. ஆனா அதுக்கு ஒரு குணம் இருக்காம். இலைக்கு நடுவுல குட்டிச் செடி விடும். கிள்ளித் தண்ணியில போட்டா தானா வேர் பிடிச்சுக்குமாம்.

நான் எதுவும் சொல்லல. ஒன்னையக் கேக்காம சொல்ல மாட்டேன்.

பிரகாஷ்


ஆவுடையார்கோவில்
29.12.2024

அமுதினி அப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டே பழகிட்டேன், வேற எப்படி எழுதுறதுன்னு தெரியல.

படங்களைப் பார்க்கக் கூடாதுன்னு ரெண்டு நாள் கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சிருந்தேன். அப்புறம் பார்த்தேன். வெள்ளையை அவ வேண்டாம்பா. "வெள்ளைப் பூ சாமிக்கு, எனக்கு இல்ல"ன்னு சொல்லுவா. நீலம் அவளுக்குப் பிடிக்கும், ஆனா எல்லாரும் நீலத்தைத்தான் கேப்பாங்கன்னு தெரிஞ்சா உடனே மாத்திக்குவா, அந்த வீம்பு உங்க வீட்டு ரத்தம். மூணாவதைத்தான் எடுத்திருப்பா. குட்டி போடுற செடின்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பா.

இவ்வளவும் எழுதிட்டுத்தான் சொல்றேன். வேண்டாம்.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் கேட்லாக்ல எப்படிப் போடுவாங்கன்னு நமக்குத் தெரியாதா? "அமுதினி. நடுத்தர வளர்ச்சி. புதியவர்களுக்கு ஏற்றது." எவனோ ஒருத்தன் வாங்கிட்டு, "அமுதினி அழுகிப் போச்சு, வேற அனுப்புங்க"ன்னு மெசேஜ் போடுவான். அடுத்த வருஷம் அவ பேருக்கு நேரா "ஸ்டாக் இல்லை"ன்னு அச்சடிச்சு வரும். அமுதினி, ஸ்டாக் இல்லை. அதைப் படிச்சுட்டு நான் உயிரோட இருக்கணுமா?

ரோசம்மா நல்ல மனசுல சொல்றாங்க, தெரியும். நன்றி சொல்லிடுங்க. எம் பிள்ளை பேர் எம் பிள்ளையோடவே இருக்கட்டும்.

இசைவாணி


நார்த்தாமலை
10.1.2025

வாணிக்கு,

நீ சொன்னது சரி. எனக்கு அது தோணவே இல்ல. ரோசம்மாகிட்ட சொல்லிட்டேன், "புரியுது மோனே"ன்னாங்க.

நேத்து ஒரு வருசம் ஆச்சு. நீ வருவேன்னு நெனச்சு லீவு போட்டுட்டு இருந்தேன். வரல. குத்தமாச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன். பக்கத்து வீட்டு மீனம்மாள் அக்கா பால் கொண்டாந்துச்சு, ரெண்டு பேருமாப் போய் மண்ணுல ஊத்திட்டு வந்தோம். ஒங்க அண்ணன் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல என்னையப் பார்த்தாரு, பத்து நாள் முன்ன. நாலு பேர் நிக்கையில "புள்ளையக் கொன்ன பய"ன்னு சொல்லிட்டுப் போனாரு. சொல்லட்டும். அவரு தங்கச்சிக்காகப் பேசுறாரு.

ஆர்டர் பாரத்தை நான் இன்னும் நெரப்பல. அவ "அடுத்த வருசம்"னு எழுதி வச்ச ஏழுல மூணு ரகம் இந்தத் தடவையும் இருக்கு. ஒண்ணே ஒண்ணு வரவழைக்கலாமான்னு ஒரு ஆசை. பேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அவ கேட்டா, நாம குடுக்கல, இப்பக் குடுத்தாப்ல இருக்கட்டும். நீ வேண்டாம்னா வேண்டாம்.

ஒரு வருசத்துக்கப்புறம் நீ "அமுதினி அப்பா"ன்னு போட்டிருந்த. அந்த ஒரு வரியையே படிச்சுக்கிட்டுக் கெடந்தேன். வந்துரு வாணி. பேச வேண்டாம், கூட இரு, போதும்.

பிரகாஷ்


ஆவுடையார்கோவில்
18.1.2025

அமுதினி அப்பாவுக்கு,

அண்ணன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. உங்க கடிதத்துலதான் படிச்சேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. ஒண்ணு சொல்லணும். முழுசாப் படிங்க.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர்ல, சென்னை வெள்ளத்துக்குக் கரண்ட் லைன் சரி பண்ண உங்களை அனுப்பினாங்களே, நீங்க போய் ரெண்டு நாள் கழிச்சு ரோசம்மாகிட்டேருந்து உரம் பார்சல் வந்துச்சு. ஜன்னலோரத் தொட்டிக்கு வைக்கணும்னு அமுதினி குதிச்சா. நானே வச்சேன். பார்சல்ல ஒரு சீட்டு இருந்துச்சு, உரம் வச்சா பத்து நாளைக்குத் தொட்டியில மீன் விடக் கூடாதுன்னு. அதுக்கு முந்தின தடவை நீங்க அப்படியே வச்சு, கப்பி மீன் எல்லாம் செத்து மிதந்து, அவ பகல் பூரா சாப்பிடலையே. அதுக்குப் பயந்து, டீ வடிகட்டியால ஏழு மீனையும் அள்ளிப் பெயிண்ட் வாளியில விட்டு, வாட்டர் டேங்குக்குப் பின்னாடி வச்சேன். பத்து நாள் கழிச்சுத் திரும்ப விடலாம்னு.

விடல. அரையாண்டுப் பரீட்சை, நானூறு பேப்பர், சுத்தமா மறந்துட்டேன். நீங்க வந்தீங்க, உங்ககிட்டயும் சொல்லல. அந்தத் தொட்டி ஒரு மாசம் மீன் இல்லாம கெடந்துச்சு. கொசுப்புழுவைத் தின்ன அதுல ஒண்ணுமே இல்ல.

டாக்டர் "வீட்டுல தண்ணி தேங்குற இடம் எதுவும் இருக்கா"ன்னு கேட்டாரே, அந்த நிமிஷம் வாளி ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்த அதே நிமிஷம்தான் உங்களைப் பார்த்து, "உங்க தொட்டித் தண்ணி"ன்னு கத்தினேன். ஏன் கத்தினேன்னு கேக்காதீங்க. வாய்ல அதுதான் வந்துச்சு. அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டேன். ஒவ்வொரு தடவை உங்களைச் சொல்லும்போதும் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுச்சு.

நான் வீட்டை விட்டுக் கிளம்பின அன்னிக்குத் தொட்டியில மீன் ஓடுறதைப் பார்த்தேன். சுகாதாரத் துறை ஆளுங்க வந்து விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். யாருக்கும் தெரியாதுன்னு தைரியமாப் பஸ் ஏறிட்டேன்.

அவ பேரைப் பூவுக்கு வைக்க வேண்டாம்னு நான் சொன்ன காரணமெல்லாம் நிஜம்தான். ஆனா மொதல் காரணம் இது. அவளைக் கொன்னவ, அவளுக்கு எந்தப் பூன்னு உக்காந்து தேர்ந்தெடுக்கிறதா?

இசைவாணி


நார்த்தாமலை
23.1.2025

வாணி,

எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் டேங்குக்குப் பின்னாடி வால்வை மூடப் போனேன். வாளி இருந்துச்சு, மேல தட்டுப் போட்டு மூடி. ஏழு மீனும் உசிரோட இருந்துச்சு. வடிகட்டியும் அங்கேயே கெடந்துச்சு. சென்னைலேருந்து வந்த அன்னிக்கு உரச் சீட்டை அடுப்படி ஜன்னல்ல பார்த்தது அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. எல்லாம் புரிஞ்சுபோச்சு. மீனை நான்தான் தொட்டியில விட்டேன். சுகாதாரத் துறை ஆளுங்க அதுக்கப்புறம்தான் வந்தாங்க, மீன் இருக்குறதைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க.

ஒனக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஒண்ணு வேணும், அது நானா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். நான் தாங்குவேன், நீ தாங்க மாட்டேன்னு தோணுச்சு. தொட்டியை எட்டிப் பார்க்காதது என் தப்பும்தானே. வந்த அலுப்புல படுத்துக் கெடந்தேன்.

இதைப் பத்தி நாம இனிமே பேச வேண்டாம். நீ வேணும்னு பண்ணல. மீனு சாகக் கூடாதுன்னு, பிள்ளை அழக் கூடாதுன்னு பண்ணின. எனக்கு ஒன் மேல ஒண்ணும் இல்ல வாணி, சத்தியமா ஒண்ணும் இல்ல. வீட்டை வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். ஆர்டர் பாரம் மேசை மேலதான் இருக்கு. நீ வந்து எந்த ரகம்னு சொல்லு, இல்ல கிழிச்சுப் போடு. வந்து செய், அவ்வளவுதான்.

பிரகாஷ்


ஆவுடையார்கோவில்
3.2.2025

அமுதினி அப்பாவுக்கு,

நேத்து வந்தேன். உங்களுக்குத் தெரியாது.

அறந்தாங்கி பஸ், அப்புறம் புதுக்கோட்டை, அப்புறம் நார்த்தாமலை ஸ்டாப். பையோட எறங்கி நடந்து, நம்ம வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நின்னேன். வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தீங்க. ரெண்டாவது நாற்காலியும் போட்டிருந்தீங்க. மெலிஞ்சு போயிட்டீங்க. கண்ணாடிய நெத்தி மேல ஏத்திவிட்டுக்கிட்டு அந்தப் பாரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னு நெனக்கிறேன்.

இன்னும் இருபது எட்டு எடுத்து வச்சா "வா வாணி"ன்னு எந்திரிச்சிருப்பீங்க. பையை வாங்கியிருப்பீங்க. ரசம் வைக்கத் தெரியாம வச்சு, சோறு போட்டிருப்பீங்க. அந்தச் சோத்தை நான் எப்படித் திங்கிறது? ஒரு வருஷமா ஊரு முன்னாடி உங்களைக் கொலைகாரன்னு சொன்னவளுக்கு, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே சோறு போடுற மனுஷன் முன்னாடி உக்காந்து நான் எப்படி முழுங்குறது? திரும்பி நடந்துட்டேன். அடுத்த பஸ்ல வந்துட்டேன்.

உங்க மன்னிப்பு எனக்கு வேண்டாங்க. அது என் கழுத்தை நெரிக்குது. உங்களுக்குக் கோவமே இல்லைன்னா, நான் மனுஷியாவே உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க.

ஒண்ணு கேக்குறேன், செய்யுங்க. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்க. ஒரே ஒரு தடவை. வாய்க்கு வந்தபடி, மனசுல உள்ளது உள்ளபடி. அது வந்தா அன்னிக்கே பையைத் தூக்கிக்கிட்டு வாரேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல அழலாம்.

இசைவாணி


நார்த்தாமலை
12.2.2025

வாணி,

திட்டச் சொன்ன. நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். மொதத் தாள்ல "அடி கூறுகெட்டவளே"ன்னு போட்டேன், எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ரெண்டாவது தாளு சாம்பார்ல உப்பு கூடிப்போனா திட்டுவேனே, அந்தக் கணக்கா இருந்துச்சு. இது மூணாவது.

ஏன்டி மறந்த?

நானூறு பேப்பர் திருத்துன. ஊரார் பிள்ளைக்கெல்லாம் அரை மார்க் விட்டுப்போயிடக் கூடாதுன்னு தேடித் தேடிப் போட்ட. தெனம் அந்த டேங்குலதானே தண்ணி பிடிச்ச, ஒரு நாளு எட்டிப் பார்த்தியா? நான் வந்து எறங்குனதும் "மீனை எடுத்து வச்சிருக்கேங்க"ன்னு ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைடி. கால்ல தடிப்பு தடிப்பா இருக்குன்னு பிள்ளை வந்து காட்டுனா, தேங்காண்ணெயைத் தடவிவிட்டுட்டுத் திரும்பப் பேனாவை எடுத்த. நானும் பார்த்துக்கிட்டுத்தான் கெடந்தேன், அதுக்கு என்னைய நானே தெனமும் செருப்பால அடிச்சுக்கிறேன்.

அது மறதி. மறதியை விட்டுத் தள்ளு. ஞாபகம் வந்தப்பறம் என்ன பண்ணின? வராண்டாவுல நின்னு கத்துனியே, அவ கட்டில் கதவோரத்துலதான் இருந்துச்சு. முழிச்சுத்தான் இருந்தா வாணி. கேட்டுட்டா. நான் உள்ள போனதும், "அப்பா, நம்ம தொட்டியாலயா எனக்குக் காய்ச்சல்?"னு கேட்டா. எனக்கு அப்ப வாளியும் தெரியாது ஒண்ணும் தெரியாது. நீ சொன்னதுதான் எனக்கும் தெரியும். "ஆமாம்மா, அப்பா தொட்டிதான்"னு சொன்னேன்.

அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல. ரெண்டு நாளு. கஞ்சி நீ குடுத்தா குடிச்சா, நான் குடுத்தா வாயை மூடிக்கிட்டா. கோவமா, முடியாமலான்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல. எம் பிள்ளை என்னையக் கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா. நீ கத்துன ஒத்த வார்த்தையால.

இதை ஒங்கிட்ட சாகுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஒன் மேல ஒண்ணும் இல்லன்னு போன கடுதாசியில சத்தியம் பண்ணினேன். அது பொய்யின்னு எனக்கே இதை எழுதுறப்பத்தான் தெரியுது.

ஆர்டர் பாரத்தை நானே நெரப்பி அனுப்பிட்டேன். அவ எழுதி வச்சதுல ஒண்ணு. ஒன்னையக் கேக்கல.

திட்டு வந்தா அன்னிக்கே வாரேன்னு எழுதியிருக்க. வராத வாணி. இப்ப வராத. கதவைத் தெறந்து ஒன்னையப் பார்த்தா என் வாயில என்ன வரும்னு எனக்குத் தெரியல. "வா"ன்னு மட்டும் வராது.

சிவபிரகாஷ்